அவர் முறையில் நான் குறைத்த வேகம்

மாரண்டஹள்ளிப் பக்கம் நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில், கணவரின் அண்ணனிடம் தம்பி பெண்டாட்டி நேருக்கு நேர் பேசக் கூடாது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மரத்திடமோ மாட்டிடமோ சொல்வேன்; அவர் காதில் வாங்கிக்கொள்வார். பதிலும் அதே வழியில்தான் வரும். எண்பதுகளிலும் எங்கள் எருமை பால் கொடுப்பதோடு இந்த வேலையையும் பார்த்தது.

கிணறு ஒன்று, டீசல் என்ஜின் ஒன்று, பங்கு இரண்டு. ஒரு நாள் எங்கள் முறை, மறுநாள் அவர் முறை. அந்தக் கோடையில் எங்கள் பங்கில் அரை ஏக்கர் தக்காளி பூவும் பிஞ்சுமாக நின்றது. அவரோ தன் முறையில் என்ஜினின் வேகத் திருகை முடிந்தமட்டும் முறுக்கிவிடுவார். என்ஜின் அலறும், கிணறு அடிவரை வற்றும். ஊற்று ஊறி ஏறுவதற்குள் எங்கள் முறையில் பாதிப் பொழுது போய்விடும். இன்னும் இரண்டு முறை இப்படிப் போனால் பிஞ்செல்லாம் உதிர்ந்துவிடும். என் கணவர் அண்ணன் முன்னால் பெட்டிப் பாம்பு.

என்ஜினை எனக்குத் தெரியும். மெக்கானிக் வந்தபோதெல்லாம் பக்கத்திலேயே நின்று பார்த்திருக்கிறேன். வேகத் திருகை இறுக்கிப் பிடித்திருக்கும் லாக் நட்டைத் தளர்த்தி, திருகைக் கால் சுற்று கால் சுற்றாகக் குறைக்க வேண்டும். கரும்புகை மெலிந்து, சத்தம் சீராகி, குழாய் வாயில் முக்கால் அளவு தண்ணீர் விழும் இடத்தில் நிறுத்த வேண்டும். அதற்கும் கீழே போனால் தண்ணீர் மேலேறாது. என் கணவரைவிட எனக்கு இது நன்றாக வரும். இதில் தன்னடக்கம் காட்ட எனக்கு விருப்பமில்லை.

அடுத்து வந்த அவர் முறையில், அவர் மடை திருப்பப் போயிருந்தபோது ஸ்பானரை எடுத்து வேகத்தைக் குறைத்துவிட்டேன். சத்தம் மாறியதும் ஓடி வந்தார்.

"இன்னிக்கி யாரு முறைன்னு தெரியாம யாரோ என்ஜின்ல கை வெச்சிருக்காங்க," என்றார் வேப்பமரத்தைப் பார்த்து.

"ஒரேயடியா உறிஞ்சினா ஊத்து எப்படி ஊறும்னு கேளு," என்றேன், கிணற்றடியில் கட்டியிருந்த எருமையிடம். "மெதுவா எறச்சா நாள் பூரா வரும்."

அவர் பழையபடி முறுக்கினார். ஒரு மணி நேரத்தில் குழாய் கொப்பளித்து, காற்றைக் கக்கி, நின்றுபோனது. எட்டிப் பார்த்தோம். உறிஞ்சு குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட்வால்வு தண்ணீருக்கு மேலே தொங்கியது. அவருடைய மிளகாய் வயலில் பாதி இன்னும் நனையவில்லை. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. காய்ந்தது அவர் மிளகாய்தான். வற்றியது என் நாளைய தண்ணீர்.

"மாமா, தள்ளுங்க. ஊத்து ஏறட்டும், வேகத்த நான் வெச்சுத் தர்றேன்," என்றேன், அவர் முகத்தைப் பார்த்தே.

தள்ளி நின்றார். வால்வு மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஏறியதும், பம்பில் புகுந்த காற்று போகக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியது அவர். ஹேண்டிலைச் சுற்றியதும் அவர். வேகம் வைத்தது நான். பொழுது சாயும்வரை குழாய் ஒரு தடவைகூட விக்கவில்லை. எப்போதும் விட்டுப்போகும் கடைசிப் பாத்தியிலும் அன்று தண்ணீர் நின்றது.

என்ஜினை நிறுத்திவிட்டு அவர் கிணற்றை எட்டிப் பார்த்தார். வால்வுக்கு மேலே முழங்கால் ஆழம் தண்ணீர் இருந்தது. ஸ்பானரை என் பக்கம் நீட்டினார்.

"நீயே வெச்சுக்கோம்மா. நாளைக்கி வெடிஞ்சதும் உன் தக்காளிக்குத் தண்ணி இருக்கும்."