சுஜின் கையில் சிவக்காத தங்கம்

இந்த ஊரில் ஆய்வுக்கூடத்துக்குள் வெளிச் செருப்போடு போகக் கூடாது. வாசலில் ஒரு மர அலமாரி இருக்கிறது. ஷூவை அதில் விட்டுவிட்டு, உள்ளே போட்டுக்கொள்வதற்கென்று வைத்திருக்கும் ரப்பர் செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டும். முதல் நாள் எனக்கு இந்த இரண்டாம் பாதி தெரியாது. செருப்பைக் கழற்று என்றால் திருத்தணிக்காரன் வேறு என்ன செய்வான்? வெறுங்காலோடு, கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறையாக உள்ளே நடந்துவிட்டேன். ஒரு பெண் இரண்டு கையிலும் ஒரு ஜோடிச் செருப்பை ஏந்திக்கொண்டு ஓடிவந்து, குனிந்து வணங்கி, என் காலடியில் வைத்தாள். நமக்கு இத்தனை மரியாதையா என்று பூரித்துப்போனேன். தரையில் கண்ணாடித் துண்டு கிடந்தால் குத்தும் என்பதுதான் விஷயம். அவள் பெயர் சுஜின். என்னிடம் வேலை பழக வேண்டிய ஆராய்ச்சி மாணவி.

தென் கொரியாவின் நடுவில், நாலு பக்கமும் மலை சூழ்ந்த நகரம் இது. இரண்டாயிரத்துக்குப் பிறகு நம்மூர் வேதியியல் பிள்ளைகள் கூட்டங்கூட்டமாக இங்கே வந்து சேர்ந்தோம். எங்கள் மாடியில் எல்லாமே நானோ. ஒரு அறையில் சாயத் தண்ணீரைத் தெளியவைக்கும் பொடி, அடுத்த அறையில் மடக்கினாலும் உடையாத திரைக்கான கரி இழை, கடைசி அறையில் தங்கத்தோடு நாங்கள். சிறுநீரில் நனைத்தால் சிறுநீரகக் கோளாறை முன்கூட்டியே கோடு போட்டுக் காட்டும் காகிதப் பட்டை ஒன்று செய்துகொண்டிருந்தோம். அந்தக் கோட்டின் நிறம் எங்கள் தங்கம். ஊரில் இதைச் சொன்னால் எத்தனை சவரன் என்று கேட்கிறார்கள். கண்ணுக்கே தெரியாத துகள். தங்கத்தை அவ்வளவு சின்னதாக்கினால் அது மஞ்சளாக இருப்பதில்லை. கொதிக்கும் தங்கக் கரைசலில், எலுமிச்சைப் புளிப்புக்கு உறவான ஒரு உப்பை விட்டால், மஞ்சள் வெளுத்து, கொஞ்ச நேரம் மழைமேகம் போலக் கறுத்து, பிறகு மெல்ல மெல்லச் சிவக்கும். மாதுளைச் சாற்றின் சிவப்பு. எத்தனை முறை பார்த்தாலும் அந்தச் சில நிமிஷம் நான் எந்த ஊரில் நிற்கிறேன் என்பது எனக்கு மறந்துபோகும்.

என் நைனா, அதாவது அப்பா, திருத்தணி மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமைப்பவர். எங்கள் குடும்பத்துக்கு வருஷத்தில் சில மாதங்கள் அங்கே சமைக்கும் முறை உண்டு. அந்த மாதங்களில் விடியுமுன் மலையேறிவிடுவார். பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன். மார்கழியில் மேகம் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருக்கும், முன்னால் போகிற நைனாவின் முதுகு தெரியாது, இருமல் மட்டும் கேட்கும். சாமிக்குப் போகும் உணவை ருசி பார்க்கக் கூடாது, அதில் மூச்சும் படக் கூடாது. வாயைத் துணியால் கட்டிக்கொண்டு கண்ணாலும் காதாலும்தான் பக்குவம் பார்ப்பார். பாத்திரத்தை முந்தின நாளே துலக்கிக் கவிழ்த்திருப்பார்கள். இருந்தாலும் அடுப்பில் ஏற்றும் முன் தானே மறுபடி தண்ணீர் விட்டு மூன்று தரம் அலசி, துடைக்காமல், ஈரம் சொட்டச் சொட்ட ஏற்றுவார். துணி பட்டால் மடி போய்த் தீட்டாகிவிடும். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பார்த்துப் பார்த்துக் கையில் ஒட்டிக்கொண்டது.

இங்கே வந்த சிக்கல் இதுதான். தங்கம் என் கையில் சிவந்தது, சுஜின் கையில் ஊதாவாகித் திரிந்து அடியில் படிந்தது. அதே உப்பு, அதே அடுப்பு, நான் எழுதிக்கொடுத்த அதே செய்முறை. ஊரில் இதைக் கைப்பக்குவம் என்று கொண்டாடுவோம். நைனாவின் புளியோதரைக்காகவே நகரியிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் உண்டு. இங்கே அதற்குப் பெயர் குறை. ஒருவன் கையில் மட்டும் வருவது வேதியியல் இல்லை, வித்தை என்றார் எங்கள் பேராசிரியர். இந்த ஊர் மரியாதைப்படி அவரை வாய் நிறையக் கியோசுனிம், பேராசிரியர் ஐயா, என்று அழைத்துவிட்டு, எங்கள் ஊர் வழக்கப்படி மனதுக்குள் திட்டினேன். சுஜின் செய்துகாட்டும்வரை எனக்கு விடுமுறை கிடையாது என்றும் சொல்லிவிட்டார்.

அதே கோடையில்தான் நைனாவின் முழங்கால் மலையேற மறுத்துவிட்டது. அவருக்குப் பிறகு முறை யாருக்கு என்று ஆடிக் கிருத்திகைக்குள் கோயிலில் பெயர் கொடுத்தாக வேண்டும். நான் ஒரே பிள்ளை. நான் வராவிட்டால் அது சித்தப்பா மகன் சேகருக்குப் போகும். ஞாயிறுதோறும் டெலிபோன் கார்டைச் சுரண்டி, நீளநீளமான எண்களைப் போட்டுப் பேசுவேன். நைனா கெஞ்சுகிற ஆள் இல்லை.

“வர்றியா இல்லியா, ஒன்னு சொல்லு. இந்தக் கால வச்சிகினு எத்தினி நாளு படி ஏறுவேன்?”

வருகிறேன் நைனா, கையிலிருக்கும் வேலை முடியட்டும் என்பேன். என்ன வேலை என்பார். இன்னொருத்தி கையில் தங்கம் சிவக்க வேண்டும் என்பதை எப்படிச் சொல்ல? டாக்டர் பட்டம் வாங்கியவன் கரண்டி பிடிக்கப் போகிறானா என்று இங்குள்ள நண்பர்கள் கிண்டல் செய்தார்கள். அவர்களுக்கு என் தூக்கம் தெரியாது. கண்ணை மூடினால் மடைப்பள்ளி. பெரிய உருளியில் பொங்கலுக்குப் பதில் தங்கம் சிவப்பாகக் கொதிக்கும், நைனா வாயைக் கட்டிக்கொண்டு கிளறுவார், சுஜின் ரப்பர் செருப்போடு உள்ளே வருவாள், யாரும் அவளைத் தடுக்க மாட்டார்கள். விழித்த பிறகும் வெகுநேரம் நெய் மணக்கும். எனக்குப் போக வேண்டும் என்றுதான் இருந்தது. அந்த முறை என் கையைவிட்டுப் போகக் கூடாது என்றும் இருந்தது.

சாங்மா என்று ஒரு மழைக்காலம் இங்கே உண்டு. நாட்கணக்கில் தூறிக்கொண்டே இருக்கும், ஜன்னலுக்கு வெளியே மலைகள் காணாமல் போய்விடும். அப்படி ஒரு மத்தியானம் சுஜினின் குடுவை மறுபடியும் ஊதாவாயிற்று. அவள் கையுறையைக் கழற்றி வைத்தாள். ஒன்று கேட்டால் கோபித்துக்கொள்ளக் கூடாது பக்சானிம் என்றாள். பக்சானிம் என்றால் டாக்டர் ஐயா என்று அர்த்தம்.

“தொடங்கும் முன்னால் நீங்கள் செய்யும் பிரார்த்தனையை நானும் செய்ய வேண்டுமா?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் நான் என்றைக்குச் சாமி கும்பிட்டேன்? அவள் தொட்டிப் பக்கம் திரும்பி, காற்றில் ஒரு குடுவையைப் பிடித்து, என்னைப் போலவே வாயை இறுக மூடிக்கொண்டு, மூன்று தரம் சுழற்றி ஊற்றி, துடைக்காமல் அடுப்பில் வைத்துக் காட்டினாள். நைனாவை அந்தக் கொரியப் பெண்ணின் தோள் அசைவில் பார்த்தது போலிருந்தது. முதல் நாளிலிருந்தே அவள் இதைக் கவனித்திருக்கிறாள். இது இந்துக்களின் வழிபாடு, அடுத்தவர் வழிபாட்டை உற்றுப் பார்ப்பது நாகரிகமில்லை என்று ஒவ்வொரு முறையும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள். நானோ அதைச் செய்முறையில் எழுதவே இல்லை. பாத்திரத்தை அலசினேன் என்று எந்தச் சமையல்காரன் தனியாகச் சொல்லுவான்?

சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்து, அலமாரியில் அடுக்கிய குடுவைகள் அவை. எல்லாரும் அப்படியே எடுத்துப் பயன்படுத்துவார்கள். கண்ணுக்குத் தெரியாத ஏதோ மிச்சம் உள்ளே ஒட்டியிருந்து தங்கத்தைத் திரித்திருக்கிறது. உடனே முன்னோரின் விஞ்ஞானம் என்று நம்மவர்கள் கிளம்பிவிட வேண்டாம். நைனா வாழ்க்கையில் சோப்புப் போட்டுப் பாத்திரம் துலக்கியதில்லை, புளியும் சாம்பலும்தான். சுஜின் அலசினாள், துடைக்காமல் ஏற்றினாள். வெளுத்தது, கறுத்தது, சிவந்தது. அவள் குதித்தாள். நானும் குதித்தேன், கண்ணில் நீர் வந்துவிட்டது.

நான் கட்டடத்திலேயே இல்லாதபோது அவள் மறுபடி செய்துகாட்ட வேண்டும், அப்போதுதான் செல்லும் என்றார் பேராசிரியர். ஆகவே எனக்கு விடுமுறை. டிக்கெட் போட்ட கையோடு, அன்று ஞாயிறு இல்லாவிட்டாலும் ஊருக்குப் போன் போட்டு, வருகிறேன் நைனா என்றேன். அந்தப் பக்கம் முதலில் நைனாவின் இருமல் கேட்டது.

“நீ வருவேன்னு நான் காத்துகினு இருப்பேன். சாமி இருக்குமா? போன வாரமே சேகர் பேரக் குடுத்துட்டேன்பா.”

கோபிக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? போட்ட டிக்கெட்டில் போனேன். கிருத்திகைக் கூட்டத்தில் திருத்தணி திணறிக்கொண்டிருந்தது, எங்கு பார்த்தாலும் காவடி. கடைத்தெருவில் ஒரு பிரவுசிங் சென்டரில் நுழைந்து மெயிலைப் பார்த்தேன். சுஜின் ஒரு வரி எழுதியிருந்தாள். எல்லா முறையும் சிவப்பு, நீங்கள் இல்லாமலேயே. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாங்கிய நேரம் தீரும்வரை அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மலைமேல் மடைப்பள்ளி வாசலுக்குப் போனேன். உள்ளே வாயைக் கட்டிக்கொண்டு சேகர் உருளியை அலசிக்கொண்டிருந்தான். தண்ணீர் சொட்டச் சொட்ட அடுப்பில் ஏற்றினான். அடுப்பின் சூட்டில் ஈரம் சீறியது. என்னையறியாமல் ஒரு கால் படியைத் தாண்டிவிட்டது. அவன் திரும்பிப் பார்த்து, துணிக்குள்ளிருந்தே மெல்லச் சொன்னான்.

“அண்ணா, நீ வெளியவே இரு. முறை என்னுது.”

சரியாகத்தான் சொன்னான். காலை எடுத்துக்கொண்டு, பிரசாதத்துக்கு நின்ற வரிசையின் கடைசியில் போய் நின்றேன். நைவேத்தியம் முடிந்து, தொன்னையில் சுடச்சுடப் பொங்கல் வந்தது. நைனா செய்வது போலவேதான் இருந்தது. என் சட்டையையும் தோளில் தொங்கிய பையையும் மேலும் கீழும் பார்த்த ஒரு அம்மாள், எந்த ஊருங்க நீங்க என்றாள். இந்த ஊர்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. வேறு எந்த ஊர் பெயரும் வரவில்லை. தொன்னை சுட்டது. இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கும், அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கும் அதை மாற்றிக்கொண்டே நின்றேன்.