இரண்டு பல்கலைக்கழகங்களும் ஒரு ரப்பர்க் குழாயும்

எழுபதுகளின் நடுவில் விலங்கியலில் பட்டம் வாங்கிவிட்டு, கடல் உயிரியல் படிக்க இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு எழுதிப் போட்டேன். இரண்டுமே கடலோரத்தில் இருந்தன. ஒன்று மேற்குக் கரையில், மற்றது எங்கள் கிழக்குக் கரையிலேயே வடக்கே. இரண்டும் நேரில் வரச் சொல்லிக் கடிதம் அனுப்பின. வேறு வீடாக இருந்தால் உனக்கு எது பிடிக்கிறது என்று பிள்ளையைக் கேட்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் மாமாவைக் கேட்டார்கள்.

மாமா அம்மாவின் தம்பி. அப்பா இளவயதில் முத்துக் குளித்தவர், பிறகு சங்கு குளித்தவர். தூத்துக்குடிக் கரையில் கடலடிக்கு இறங்குகிறவன் தன் கயிற்றை மேலே படகில் மச்சான் கையில்தான் கொடுத்துவிட்டு இறங்குவான். அக்காவின் தாலிக்காகவாவது மச்சான் கண்ணசராமல் இழுப்பான் என்ற நம்பிக்கை. அந்த ஏற்பாட்டை நான் குறை சொல்ல மாட்டேன். அப்பா உயிரோடு இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் காதில் சீழ் வைத்து, நெஞ்சு கெட்டு, அப்பா கரையேறி, சங்குக் கிடங்கில் காவலுக்குப் போய்ப் பத்து வருடம் ஆன பிறகும் எல்லாம் மாமாவின் கையிலேயே இருந்தது. ஓடு மாற்றுவதா வேண்டாமா, என் அக்காவை யாருக்குக் கட்டிக் கொடுப்பது, எதற்கும் அப்பாவிடம் ஒரே பதில்தான்: "மச்சான்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்க."

முதலில் கிழக்குக் கரைக்குப் போனோம். காலை ஒன்பது மணிக்குப் போன எங்களை மதியம் வரை வராந்தாவில் நிறுத்தி வைத்தார்கள். மாமா சலவைச் சட்டை போட்டு, பங்குச் சாமியார் கொடுத்த சிபாரிசுக் கடிதத்தை மடிப்புக் கலையாமல் பிடித்துக்கொண்டு நின்றார். அதை வாங்கிப் பார்க்க அங்கே ஆளில்லை. பிறகு புடவையை வரிந்து செருகி, முழங்கால் வரை சேறு அப்பிய ஓர் அம்மாள் வந்தார். விரிவுரையாளராம். என்னை ஓர் அறைக்குள் கூட்டிப் போய், கழிமுகத்துச் சேறு நிறைந்த வெள்ளைத் தட்டு ஒன்றை முன்னால் வைத்து, இடுக்கியைக் கையில் கொடுத்தார்.

"இதுல உயிரோட என்னென்ன இருக்குன்னு பிரிச்சு வைம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மூன்று மணி நேரம் பிரித்தேன். புழுக்கள், அரிசி அளவில் சிப்பிகள், உள்ளே இருப்பதெல்லாம் தெரியும் ஓர் இறால் குஞ்சு. அவர் திரும்பி வந்து, நான் கல் என்று ஒதுக்கியிருந்த இரண்டை எடுத்து உயிருள்ளவற்றோடு சேர்த்தார். "இதுவும் உயிருதான். அவசரப்படாத" என்றார். வந்தால் இடம் உண்டு என்றும் சொன்னார். எனக்கு அங்கேயே இருந்துவிடலாம் போலிருந்தது.

மாமா வாசலில் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். அழுகிய சிப்பிக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இட்லி தின்று வளர்ந்த மனிதர்!

"படிச்ச பிள்ளைய சேறு அள்ள விட்டுட்டாவ. உக்காருன்னு சொல்ல ஆளில்ல. ஏளா, இதெல்லாம் ஒரு காலேசா?" என்றார் வழி முழுக்க.

மேற்குக் கரையில் நாற்காலி தயாராக இருந்தது. பேராசிரியர் எழுந்து நின்று வரவேற்றார். என் மதிப்பெண் பட்டியலை அவர் பிரிக்கவே இல்லை. தூத்துக்குடி என்ற ஊர்ப்பெயர்தான் அவருக்கு இனித்தது. அவர் ஆங்கிலத்தில் கேட்க, நான் மாமாவுக்குத் தமிழில் சொன்னேன். உங்கள் வீட்டில் முத்துக் குளித்தவர் உண்டா? அப்பா என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மாமா நெஞ்சைத் தட்டினார்.

"நாங்கதான்யா. பரம்பர பரம்பரையா நாங்கதான்."

மாமா ஒரு நாள்கூட முத்துக் குளித்தவர் இல்லை. படகில் நின்று கயிறு பிடித்தவர். அதை நான் சொல்லியிருக்க வேண்டும். "ஆமாம்" என்றுதான் மொழிபெயர்த்தேன்.

பேராசிரியருக்கு முத்துக் குளிப்பவர்களின் மூச்சை அளந்து கட்டுரை எழுத ஆசை. அலமாரியில் ஃபார்மலின் புட்டிகளுக்குள் சிப்பிகள் வெளுத்துக் கிடந்தன. அவற்றை அளக்கும் நாடாவையே எடுத்து மாமாவின் நெஞ்சைச் சுற்றி அளந்தார். பிறகு ஒரு கருவி வந்தது. தண்ணீருக்குள் கவிழ்த்த டப்பா, அதிலிருந்து ஒரு ரப்பர்க் குழாய். ஊதினால் டப்பா மேலே எழும்பும். குழாயின் வாய் மஞ்சளேறி, யார் யாரோ கடித்த பல்தடத்தோடு இருந்தது. உதவியாளர் அதைத் தன் வேட்டி நுனியால் துடைத்து மாமாவின் வாயில் செருகினார். மாமா கண் பிதுங்க ஊதினார். எச்சில் தாடையில் ஒழுகியது. டப்பா எழும்பியதும் பேராசிரியர் கை தட்டினார். அதே மேசையில், ஃபார்மலின் நாற்றத்துக்கு நடுவே, டீயும் பிஸ்கட்டும் வந்தன. நான் என் கப்பைத் தள்ளி வைத்தேன். மாமா இரண்டு கப் குடித்தார்.

"எங்க மச்சானும் குளிச்சவருதான்யா. அடுத்த தடவ கூட்டிட்டு வாரேன்" என்று வாக்கும் கொடுத்தார். அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன். இடம் நிச்சயம் என்றார் பேராசிரியர்.

வீட்டில் மாமா தீர்ப்புச் சொன்னார். "அங்கன நம்மள மதிக்காவ, மச்சான். மேக்கதான் சேக்கணும்."

அப்பா தலையாட்டினார். எனக்குக் கிழக்குதான் வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மாமா முறுக்கிக்கொண்டால் இரண்டுமே கைநழுவிப் போகும், கிடைப்பதை வாங்கிக்கொள்வோம் என்று வாயை மூடிக்கொண்டேன். அந்த அற்பப் பேராசையை இன்று நினைத்தாலும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

சேர்க்கைத் தாளில் கையெழுத்துப் போட மறுபடி மேற்கே போனோம், இந்தத் தடவை அப்பாவோடு. அப்பா அக்கா கல்யாணத்துக்குத் தைத்த சட்டையைப் போட்டிருந்தார். ரயிலில் போகும்போதே மாமா எப்படி ஊதுவதென்று சொல்லிக்கொடுத்தார். அப்பா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கேட்டுக்கொண்டார்.

அதே குழாய், அதே வேட்டி நுனி. அப்பா ஊதினார். டப்பா கொஞ்சம் அசைந்து நின்றுவிட்டது. இருமல் பிடித்துக்கொண்டது. மறுபடி ஊதச் சொன்னார்கள். மூன்றாம் தடவை அப்பாவின் கழுத்து நரம்பெல்லாம் புடைத்து, கண்ணில் நீர் வந்தது. டப்பா முதல் தடவை அளவுக்குக்கூட எழவில்லை. பேராசிரியர் நோட்டை மூடிவிட்டு உதவியாளரிடம் ஆங்கிலத்தில் சொன்னார், இது கெட்டுப்போனது, எழுத வேண்டாம், அந்த இன்னொருவரின் கணக்கே போதும் என்று. மீன் வாங்குகிறவர் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போடுகிற மாதிரி இருந்தது.

"என்ன சொல்லுதாருளா?" என்று அப்பா என்னைப் பார்த்தார்.

"நல்லா ஊதுனீங்கன்னு சொல்லுதாரு" என்றேன்.

"எனக்கு இதுக்கு மேலயே போச்சுது, மச்சான்" என்றார் மாமா, கொஞ்சமும் கூச்சமில்லாமல். அப்பா அதற்கும் தலையாட்டினார். இந்தத் தடவை டீ வரவில்லை. பேராசிரியர் சேர்க்கைத் தாளை என் பக்கம் தள்ளினார். ஊரில் போய் நிரப்பி அனுப்புகிறேன் என்று வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மதியம் ரயிலடியில் மாமா சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கப் போனார். பெஞ்சில் நானும் அப்பாவும் மட்டும். அப்பா கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தார், அந்த ரப்பர் ருசி போகவில்லை போலிருக்கிறது. பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"நான் சரியா ஊதலன்னு உன் சீட்டு போயிருமோ?"

எனக்கு அந்த நிமிடம் எல்லாரையும் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. பையிலிருந்து தாளை எடுத்து நாலாகக் கிழித்தேன். "எனக்கு இந்தச் சீட்டு வேண்டாம்ப்பா. நான் கெழக்கதான் படிக்கப் போறேன். மாமா என்ன சொன்னாலும் சரி."

மாமாவைக் கேட்காமல் நான் செய்த முதல் காரியம் அது. அப்பா திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கிழிந்த துண்டுகளைப் பொறுக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"இப்பதான் தோணுச்சா?"

"இல்லப்பா. சேத்துத் தட்டப் பாத்த அன்னைக்கே."

அப்பா கொஞ்ச நேரம் இருமினார். இருமல் அடங்கியதும் என் பக்கம் திரும்பினார்.

"பொறவு எதுக்குளா என்னைய ஊத விட்ட?"