தலையால் அடித்த ஒரே கோல்

பந்து விளையாடிப் பிழைத்தவன் என்று யாராவது சொன்னால் நான் முதலில் அவன் காலைத்தான் பார்ப்பேன். எங்கள் வீட்டு நீலக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்த ஸ்காட்லாந்துக்காரருக்கு அறுபத்தொரு வயது. வலது முழங்காலில் ஒரு தழும்பு இருந்தது. சைக்கிளிலிருந்து விழுந்தாலும் அப்படித் தழும்பு வரும். பதினேழு வயதில் கையெழுத்துப் போட்டதிலிருந்து பதினாறு வருடம் கால்பந்துதான் தன் தொழில் என்றார். நான் தலையை ஆட்டினேன், நம்பவில்லை. அவர் என் தங்கையைப் பெண் கேட்க வந்திருந்தார்.

யாங்கூனின் லான்மடாவில் ஒரு சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் முப்பது வருடமாக நான் காகிதம் சரிபார்க்கிறேன். பெட்டி எண்ணில் ஓர் எழுத்து பிசகினாலும் சரக்கு துறைமுகத்திலேயே கிடக்கும். அடித்துத் திருத்தினால் பக்கத்தில் கையெழுத்து வேண்டும், இல்லாவிட்டால் காகிதம் செல்லாது. எனக்கு அலுவலகத்தில் சந்தேகப் பிராணி என்று பெயர். சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் நான் சந்தேகப்படாமல் இருந்தேன். தங்கைக்கு இருபத்து மூன்று வயதில் மாப்பிள்ளை பார்த்தவன் நான். ஞானஸ்நானச் சீட்டு, பள்ளிச் சான்றிதழ், சாமியாரின் கடிதம் எல்லாம் பழுதில்லாமல் இருந்தன. இரண்டாவது வருடம் கப்பல் வேலைக்கு என்று கிளம்பிப் போன அந்த மனிதர் திரும்பி வரவில்லை. ஒரு வரி எழுதவுமில்லை. பல வருடம் கழித்துப் பினாங்கிலிருந்து அவருடைய இறப்புச் சான்றிதழ்தான் வந்தது. அதையும் நான்தான் சரிபார்த்தேன். இப்போது தங்கைக்கு ஐம்பத்தொன்று. இன்னொரு தடவை அவள் ஏமாந்தால் அந்தப் பாவமும் என் தலையில்தான் விழும் என்று எனக்குப் பயமாக இருந்தது.

அவள் ஒரு தனியார் பள்ளியில் நோயாளி அறையைப் பார்த்துக்கொள்கிற நர்ஸ். இவர் அங்கே விளையாட்டு வாத்தியார். ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் மற்ற வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள், இவர் மட்டும் தங்கினார். ஊரே கிளம்பும்போது ஒருவன் தங்குகிறான் என்றால் அவனுக்குத் திரும்ப முடியாத காரணம் ஏதோ இருக்கிறது என்று தங்கையிடம் சொன்னேன். வெளுத்ததெல்லாம் பால் இல்லை என்றும் சொன்னேன். அவள் சோற்று வடிகஞ்சியைக் கொட்டப் போய்விட்டாள்.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று. முதல் ஓலை வாசித்த அன்று நான் கணக்குப் போட்டேன். எனக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

மின்சாரம் வருகிற சில மணி நேரத்தில் கைபேசியில் அவர் பெயரைத் தேடினேன். ஸ்காட்லாந்தில் அந்தப் பெயர் நம்மூரில் அந்தோணி மாதிரி போலிருக்கிறது. ஒரு போதகர், ஒரு மீன் வியாபாரி, செத்துப்போன ஒரு சிப்பாய் எல்லாரும் வந்தார்கள். ஏதோ இரண்டாம் தரக் குழுவின் பழைய பட்டியல் ஒன்றில் குடும்பப் பெயர் மட்டும் இருந்தது. படம் தெளிவதற்குள் மின்சாரம் போயிற்று.

காகிதம் கிடைக்கவில்லை என்றால் ஆளையே சோதித்துவிடலாம் என்று தோன்றியது. தாமுவேயில் எங்கள் தெரு டீக்கடைக்குப் பக்கத்தில் சாயங்காலம் ஆண்கள் லொஞ்சியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வட்டமாக நின்று சின்லோன் ஆடுவார்கள். பிரம்பால் பின்னிய பந்து, கை படாமல் காலாலேயே தட்டித் தட்டிக் கீழே விழாமல் காக்க வேண்டும். பேரன் எடுத்தவர்கள்கூடக் கணுக்காலில் வாங்கி முதுகுப் பக்கமாகத் திருப்பி அனுப்புவார்கள். யாங்கூனில் பிறந்தவனுக்குப் பந்து விளையாடத் தெரியும் என்றால் இது தெரியும் என்றுதான் அர்த்தம்.

அவரை வட்டத்துக்குள் இறக்கினேன். முதல் தடவை பந்து அவர் காலில் பட்டுச் சாக்கடைக்குப் போனது. இரண்டாவது தடவை டீக்கடை மேசைக்கு. மூன்றாவது தடவை காலே படவில்லை.

"கெய்ச மஷிபூ, சயா, கெய்ச மஷிபூ" என்றார்கள். பரவாயில்லை வாத்தியாரே என்று மரியாதைக்குச் சொல்வது அது. சிரிப்பை அடக்க ஒருவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இவருக்கு வெட்கமே இல்லை. வியர்வையோடு என் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கு இதற்குச் சம்பளம் கொடுக்கவில்லை" என்றார் ஆங்கிலத்தில். நல்ல நழுவல் என்று நினைத்துக்கொண்டேன். ஆள் அகப்பட்டுக்கொண்டார் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அன்றிலிருந்து அவர் பேசுவதையெல்லாம் என் டைரியின் பின்பக்கத்தில் குறிக்க ஆரம்பித்தேன். சனிக்கிழமை மதியம் எங்கள் வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு. மீன் குழம்பைப் பிசைந்துகொண்டே கதை சொல்வார். நிலக்கரி எடுக்கிற ஊரில் பிறந்தாராம். சேர்ந்த புதிதில் மூத்த ஆட்டக்காரர்களின் பூட்சைத் துடைத்து, கழிப்பறையும் கழுவினாராம். தடுப்பாட்டக்காரர், கோல் போடவிடாமல் பண்ணுவதுதான் வேலையாம். ஆறு குழுக்கள் மாறினாராம், எதுவும் பெரிய குழு இல்லையாம். முழங்கால் போன பிறகு ரொட்டி வண்டி ஓட்டினாராம். பதினாறு வருடத்தில் ஒரே ஒரு கோல், அதுவும் தலையால் அடித்தது.

அந்தக் கோலில்தான் அவரைப் பிடித்தேன். ஒரு சனிக்கிழமை அன்றைக்கு மழை என்றார். இரண்டு நாள் கழித்துப் பனி, எதிரே நின்றவனின் முகமே தெரியவில்லை என்றார். பிறகு ஒரு நாள் டீக்கடையில் எந்தக் குழுவுக்காக என்று கேட்டபோது, யோசித்து, முன்பு சொன்னதை விட்டு வேறு ஒரு பெயரைச் சொன்னார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நான் தேதி போட்டு எழுதிவைத்தேன். இரண்டாவது ஓலையும் வாசித்தாயிற்று. மூன்றாவதற்கு முந்தின நாள், சாப்பாட்டு நேரத்தில், தங்கையின் முன்னாலேயே டைரியைப் பிரித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அந்தச் சனிக்கிழமை அவர் வரவில்லை. ஒரு மணி ஆயிற்று, குழம்பு ஆறியது. தங்கை இரண்டு தடவை சன்னல் பக்கம் போய்விட்டு வந்தாள். முதல் மாப்பிள்ளைக்காக அவள் இதே சன்னலில் நின்றது எனக்கு ஞாபகம் வந்து கோபம் தலைக்கேறியது. டைரியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூன்று மாடியும் இறங்கினேன்.

தெரு முனையில் வெற்றிலைக் கடைக்கு எதிரே நின்றிருந்தார். எங்கள் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ காகிதத்தை வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு பையில் எங்களுக்காக வாங்கிய வாழைப்பழம் இருந்தது. வேறொரு வீட்டு விலாசம், வேறொரு பெண் என்று என் மூளை ஓடியது. பின்னால் போய்க் கையும் களவுமாகப் பிடித்துக் காகிதத்தைப் பிடுங்கினேன். அவர் திமிறவில்லை.

பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. தாமுவே. சந்தை தாண்டி இரண்டாவது தெரு. வெற்றிலைக் கடை. மூன்றாம் மாடி, நீலக் கதவு. செருப்பைக் கழற்று. அதற்குக் கீழே தங்கையின் பெயர், நீ கட்டிக்கொள்ளப் போகிறவள், குழம்பில் முள் இருக்கும், கவனம். அதற்கும் கீழே நான். அவளுடைய அண்ணன். இருமல் உண்டு, கேட்காதே. என்னை நம்பவில்லை. பந்தாட்டம் பற்றிக் கேட்பார். ஒரே கோல். தலையால். மழை. பனி என்று சொல்லிவிட்டேன், அவர் முகம் மாறிவிட்டது.

இரண்டு தடவை வாசித்தேன். அவர் விரலால் தன் நெற்றியைத் தட்டினார். தலைமயிருக்குக் கீழே மேடும் பள்ளமுமாக இருந்த நெற்றியை அப்போதுதான் பார்த்தேன். இத்தனை நாளும் நான் காலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"எனக்குச் சம்பளம் கொடுத்தது இதற்கு" என்றார்.

மழையில் ஊறின பழைய தோல் பந்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, தினமும் காலையில் தலை மரத்துப்போகும் வரை முட்டச் சொல்வார்களாம். அவருடன் ஆடியவர்களில் இரண்டு பேருக்கு இப்போது பெண்டாட்டி பேர் தெரியாதாம். சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தி, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று என்னைக் கேட்டார். அவர் கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அவர் சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலேயே தூங்கிய பிறகு, தங்கையைச் சமையலறைக்குள் இழுத்துக் காகிதத்தைக் காட்டினேன். அவள் அதை என் கையிலிருந்து வாங்கக்கூட இல்லை.

"நான்தாண்ணே சொல்லிக்கொடுத்து எழுத வச்சேன்" என்றாள். "மொதல் நாளே எங்கிட்ட சொல்லிட்டாரு. ஸேயோன் ஆஸ்பத்திரில தலையப் படம் எடுத்துப் பாத்தாச்சு. இன்னும் நாலு வருசமோ அஞ்சு வருசமோ, அப்புறம் என்னையும் தெரியாமப் போகும்னாங்க."

"தெரிஞ்சுமா கட்டிக்கிறே? பைத்தியமா உனக்கு? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"சொன்னா நீங்க நாளைக்கு சாமியார்கிட்ட போய் நிப்பீங்க." அவள் தட்டைக் கழுவிக்கொண்டே பேசினாள். "நீங்க பாத்துக் கட்டி வச்சவருக்கு ஒண்ணும் மறக்கலண்ணே. வீடு தெரியும், வழி தெரியும், எம்பேரு தெரியும். வரல. இவரு வழிய மறந்துட்டும் பேப்பரப் பாத்துப் பாத்து வர்றாரு."

எனக்கு அழுகை வந்தது. இருமுவதுபோலச் சமாளித்தேன்.

மறுநாள் மூன்றாவது ஓலை. தடை தெரிந்தவர்கள் என்று சாமியார் வாசித்தபோது தங்கை திரும்பி என்னைப் பார்த்தாள். இப்போது என்னிடம் உண்மையாகவே ஒரு தடை இருந்தது, டைரியில் இருந்ததைவிடப் பெரியது. அவளுக்காகச் சொல்லத்தான் வேண்டுமோ என்று தோன்றியது. சாமியார் ஓலையை மடித்து வைக்கும் வரை பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பூசை முடிந்து கோயில் படியில் நின்றோம். அவர் என்னை உற்றுப் பார்த்தார். புன்னகை செய்தார், ஆனால் ஆள் பிடிபடவில்லை என்பது தெரிந்தது. கை சட்டைப் பைக்குப் போயிற்று. காகிதத்தை எடுத்து, என் பெயர் இருக்கிற இடத்துக்கு வந்து, முகம் வாடினார்.

நான் அதை வாங்கினேன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, 'என்னை நம்பவில்லை' என்பதன் மேல் ஒரே கோடாக அடித்தேன். மேலே 'நம்புகிறார்' என்று எழுதினேன். அலுவலகத்தில் செய்வதுபோலத் திருத்தத்துக்குப் பக்கத்தில் கையெழுத்தும் போட்டுத் தேதி இட்டேன்.

அவர் மெதுவாக வாசித்து முடித்தார்.

"அன்றைக்கு மழை" என்றார்.

"தெரியும்" என்றேன்.