சிங்களம் தெரியாத கனகலிங்கம்

ஒன்று என்று சொல்லாமல் “லாபம்” என்று சொல்லி, முதல் மரக்கால் நெல்லைச் சாக்கில் கொட்டுகிறார் கனகலிங்கம். அதுவரை தமிழ்தான். இரண்டாவது மரக்காலுக்கு உதடு தானாக “தெகய்” என்கிறது. பிறகு “துனய்”, “ஹதரய்”. எல்லாம் சிங்களத்து எண்ணிக்கை. களத்தில் நிற்கிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். மனைவி சிவனேஸ்வரி மட்டும் சும்மா விடமாட்டார்.

“உங்கட வாய்க்குள்ள இன்னும் காலி பஸ் ஓடுது.”

“நான் எங்கயப்பா சிங்களம் கதைச்சனான்? வெத்திலையைக் குதப்பினால் அப்பிடித்தான் கேக்கும்.”

வன்னியில், தர்மபுரத்துக் குடியேற்றத்தில் வயலும் வளவும் கிடைக்குமுன் அவர் தெற்கே சிங்கள ஊரான காலியில் சுருட்டுக்கடை வைத்திருந்தவர். இளமை முழுவதும் அங்கேதான் போயிற்று. கடைக்காரப் புத்தி இன்னும் போகவில்லை. படலையில் யார் வந்து நின்றாலும் “வாங்கோ, என்ன வேணும்?” என்பார். அயலுக்கு நாலு கத்தரிக்காய் கொடுப்பதென்றாலும் பேப்பரில் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டித்தான் கொடுப்பார். வாங்கியவர்களுக்கு அதை அவிழ்ப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும்.

ஐம்பத்தெட்டு இனக்கலவரத்தில் கடை எரிந்தது. கொளுத்தியவர்களில் தினமும் அவருடைய வாங்கிலில் குந்தியிருந்து சுருட்டுப் புகைத்தவர்களும் இருந்தார்கள். “தெரியாதவன் கொளுத்தியிருந்தால் மனம் ஆறியிருக்கும்” என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அன்றிலிருந்து தனக்குச் சிங்களம் தெரியாது என்பதே அவருடைய கட்சி.

அறுபத்தொன்றில் அவசரகாலச் சட்டம் வந்தது. கூடவே இராணுவமும் வீதிக்கு வந்தது. சிறுபோகத்துக்குத் தண்ணீர் விடும் நாட்கள் அவை. ஊரடங்கு என்றால் பயிருக்கு விளங்குமா? மைம்மல் பொழுதில் வாய்க்காலைத் திருப்பப் போன பக்கத்து வயல் சின்னராசா, வெடிபட்டு வரம்பிலேயே செத்துப்போனார். மூன்று தரம் ‘நில்’ என்று கத்தியும் மண்வெட்டியோடு ஓடினார் என்றது இராணுவம். ஊர் அதை நம்பிவிட்டது. சின்னராசாவின் பெண்சாதி அருந்ததியும் நம்பிவிட்டாள். வந்தவர் போனவரிடமெல்லாம், “நில்லெண்டால் நிண்டிருக்கலாமே. அந்த மனுசனுக்கு எப்பவும் அவதி, அவசரம்தான்” என்று சொல்லிச் சொல்லி அழுதாள். செத்த மனிதர்மேல் கோபித்துக்கொண்டே அழுவது போன்ற கொடுமை வேறு இல்லை.

அந்த நேரம் வரம்புக்கு மறுபக்கம், ஆமியைக் கண்டு வாய்க்காலுக்குள் படுத்துக் கிடந்தவர் கனகலிங்கம். வெடிக்கு முன்னால் ஒரு சத்தமும் எழவில்லை. வெடிக்குப் பின்னால் ஆமிக்காரர் தங்களுக்குள் சிங்களத்தில் பேசிக்கொண்டது முழுவதும் அவர் காதில் விழுந்தது. வீட்டில் வந்து சொன்னபோது சிவனேஸ்வரி கையெடுத்துக் கும்பிட்டார். “தெரியாத பாசை தெரியாததாவே இருக்கட்டும். பிறகு உங்களையும் தேடி வருவாங்கள்.” அவரும் வாயைக் கட்டிக்கொண்டார். ஆனால் வேலிக்கு அப்பால் அருந்ததியின் குரல் எழும்போதெல்லாம் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பிவிடுவார்.

சின்னராசாவின் சாவு பற்றிக் கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பகிரங்க விசாரணை நடந்தது. சனம் யன்னல்வரை நிறைந்திருந்தது. வேறு யாராவது சொல்ல இருக்கிறதா என்று விசாரணை அதிகாரி கேட்டார். கனகலிங்கம் எழும்பினார். சிவனேஸ்வரி சால்வையைப் பிடித்து இழுத்தார். சால்வை அவர் கையில் மிஞ்சியது, மனிதர் முன்னால் போய்விட்டார்.

வெடிக்குப் பிறகு ஆமிக்காரர் பேசியதைக் கேட்டேன் என்று அவர் சொன்னதும், இராணுவத்தின் சார்பில் வாதாட வந்திருந்த அப்புக்காத்து சிரித்தார். வன்னியில் வயல் செய்கிறவருக்குச் சிங்களம் எப்படி விளங்கும்? கேட்டதை அப்படியே சிங்களத்தில் சொல்லட்டும் பார்ப்போம் என்றார்.

கனகலிங்கம் யன்னலடிக்குப் போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

“துன் பாரக் கேகெஹுவா கியபல்லா.”

காலிக் கடைத்தெருவிலேயே பிறந்து வளர்ந்தவரைப் போலச் சொன்னார். ஓர் எழுத்துப் பிசகவில்லை. ஆமிக்காரர்கள் இருந்த வரிசையில் இளையவன் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான்.

மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழும்பினார். கனகலிங்கம் கையை நீட்டி அவரைத் தடுத்துவிட்டு, அருந்ததி இருந்த வாங்கிலின் பக்கம் திரும்பினார்.

“தங்கச்சி, ‘மூண்டு தரம் கத்தினதெண்டு சொல்லுங்கடா’ எண்டுதான் அவங்கள் கதைச்சவங்கள். ஒருத்தரும் நில்லெண்டு சொல்லேல்லை. சின்னராசா ஓடேல்லை.”

“சாட்சி இங்கே பார்த்துப் பேச வேண்டும்” என்றார் அதிகாரி.

கனகலிங்கம் திரும்பவில்லை.