தலையில் ஊற்றிய தண்ணீர்

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். நாலு பேர் கூடினால் பின்வரிசையில் நிற்கிறவன். பூச்செடியைப் பற்றி எழுத எனக்கு ஒரு தகுதிதான் உண்டு: ஒன்றைக் கொன்றிருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இத்தாலியில், பலெர்மோ நகரத்தில், பொலிதேயாமா தியேட்டருக்குப் பின்தெருவில் ஒரு சினியோராவின், அதாவது ஓர் இத்தாலிய அம்மாவின் வீட்டில் வேலை செய்கிறேன். எண்பது தாண்டியவர், தனியாக இருக்கிறார். அவருடைய சமையலறை ஜன்னலில் சின்னச் சாடியொன்றில் ஓர் ஆபிரிக்க வயலெட் பூச்செடி இருந்தது. இறந்துபோன மகள் வாங்கி வைத்தது. வேறு யாரையும் தொட விடமாட்டார். மாசியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, என் கையைப் பிடித்து, செடியைப் பார்த்துக்கொள் என்றார். எப்படி என்று சொல்லவில்லை. நானும் கூச்சத்தில் கேட்கவில்லை.

எங்கள் வீட்டுத் துளசிக்குச் செய்வதைத்தான் செய்தேன். காலையில் குளித்துவிட்டுப் போய், முதல் வேலையாக ஒரு செம்பு தண்ணீரை அதன் தலையில் ஊற்றினேன். வெயில் நல்லதென்று பல்கனியிலும் வைத்தேன். இலைகளில் பழுப்புப் புள்ளி விழுந்தது. வாடுகிறதே என்று இன்னும் ஊற்றினேன். குருத்து அழுகிவிட்டது.

சாடியை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் காட்டினேன்.

"இதென்ன சாமிச் சிலையே, ஒவ்வொரு நாளும் அபிஷேகம் செய்ய?" என்று சிரித்தாள். பிறகு, "அவவுக்குச் சொன்னனீங்களே?"

"இல்லை. போனிலை கேட்டவ. பூத்திருக்கெண்டு சொல்லிப்போட்டன்."

"ஐயோ, ஏனப்பா?"

"வாயிலை வந்திட்டுது."

அழுகாத இலைகள் மூன்றுதான். போனில் தேடிப் பார்த்து, காம்பைச் சரிவாக வெட்டி, ஈரமண்ணில் குத்தி, பொலித்தீன் பையால் மூடினோம். இரண்டு அழுகின. மூன்றாவதற்குத் தண்ணீரைத் தட்டில் மட்டும் விட்டேன். கிழமைக்கு ஒருமுறை சினியோரா போனில் கேட்பார். ஓம், பூத்திருக்கிறது என்பேன். இரண்டு மாதமானபோது காம்படியில் எள்ளளவு பச்சை தெரிந்தது.

ஆனியில் ஊன்றுகோல்களோடு அவர் திரும்பி வந்தார். நேரே சமையலறைக்குப் போனார். நாங்கள் இத்தாலியனில் பேசியதை எனக்கு வந்தபடி எழுதுகிறேன்.

"எங்கை பூ?"

"அழுகிப் போச்சுது, சினியோரா. நான்தான் தண்ணி கூட ஊத்திப்போட்டன்." வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த சாடியை நீட்டினேன். நகமளவு இலைகள் நாலு. "இது அதின்ரை இலையிலை வந்ததுதான். அதே செடிதான்."

அவர் அதைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"செடி சாகும், எனக்குத் தெரியும். நீ பூத்திருக்கெண்டு சொன்னாய். அதை நினைச்சு நினைச்சுத்தான் நான் நடக்கப் பழகினனான்."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாடியை ஜன்னலில் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் எட்டு மணிக்கு வேலைக்குப் போனேன். சினியோரா கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டார். சாடியின் தட்டில் தண்ணீர் விட்டிருந்தது. நான் தரையைத் துடைத்தேன்.