பதினைந்தாம் நாள் ஸ்கேன்: மருதாணியோடு கீழப்பழுவூர் வரை

கல்யாண ஊர்வலத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் குதிரை அனுப்புவதுதான் எங்கள் பிழைப்பு. இருப்பது ஒரே குதிரை, மருதாணி. பதினோரு வயது, செம்பழுப்பு நிறம். அவளுக்கு அடுத்து ஒன்று வேண்டும். விசாரித்த இடத்தில் எல்லாம் பழகிய இளங்குதிரைக்கு ஒன்றரை லட்சம் கேட்டார்கள். குட்டி எடுத்தால் மலிவு என்று நினைத்தோம்.

முதல் முறை ஸ்கேன் எடுக்கவில்லை. எட்டாம் மாதம் இரண்டு குட்டிகள் செத்து விழுந்தன. மருதாணி பிழைத்ததே பெரிது. என் கணவர்தான் தோட்டத்தில் குழி வெட்டினார்.

இந்த மாசியில் உடையார்பாளையத்தில் ஓர் ஆண் குதிரையோடு மறுபடி சேர்த்தோம். கட்டணம் 12,000 ரூபாய், அங்கே ஆறு நாள் தங்கலுக்கும் தீவனத்துக்கும் 2,400. இரட்டையா என்று தெரிய, சேர்த்த பதினைந்தாம் நாள் ஸ்கேன் எடுக்க வேண்டும். கருவி வைத்திருக்கும் தனியார் கால்நடை மருத்துவர் கீழப்பழுவூருக்கு அருகில் இருக்கிறார். கணவருக்குக் காய்ச்சல் என்பதால் நானே கிளம்பினேன்.

பெரம்பலூருக்கு வெளியே இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து 46 கி.மீ. பிக்கப் வண்டி போக வர 4,500. ஓட்டியவர் செல்வராசு, ஏற்கெனவே இரண்டு முறை மருதாணியை ஏற்றிப் போனவர். வண்டித் தரையில் மணல் கொட்டி வைக்கோல் பரப்பி, காலை 5.40க்குப் புறப்பட்டோம்.

அரியலூர் வரை பிரச்சினை இல்லை. ஊரைத் தாண்டியதும் சுண்ணாம்புக்கல் டிப்பர்கள் வரிசையாக வந்தன. ஒன்று பக்கத்தில் வந்து ஏர்ஹார்ன் அடித்ததுதான் தாமதம், பின்னால் தடதடவென்று உதை. வண்டியே ஆடியது.

"அக்கா, கயித்த அத்துக்கிட்டு குதிச்சிடும்போல இருக்கு. ஓரங்கட்டட்டுமா?"

"கட்டுங்க, கட்டுங்க."

கழுத்தெல்லாம் வியர்த்து நின்றாள். மிரட்சியில் கரு கலைந்துவிடுமோ என்று பயந்தேன். மீதித் தூரம் முழுக்க அவள் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு வண்டியின் பின்பகுதியிலேயே நின்றேன். இதை நீங்கள் செய்யாதீர்கள்; ஒரு உதை போதும். செல்வராசு முப்பது கி.மீ. வேகத்தைத் தாண்டவில்லை. 7.35க்குப் போய்ச் சேர்ந்தோம்.

டாக்டரம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். மரக்கட்டை அடைப்புக்குள் மருதாணியை நிறுத்தி, தோள் வரை கையுறை மாட்டி, ஆசனவாய் வழியாகக் கையை உள்ளே விட்டு ஸ்கேன் செய்தார். திரையில் ஒரு கருப்பு வட்டம் தெரிந்தது. நான் மூச்சு விடுவதற்குள் அதை ஒட்டி இன்னொன்று.

"ரெட்டைங்க" என்றார்.

முதல் முறை இரண்டும் செத்து விழுந்ததைச் சொன்னேன்.

"குதிரைக்கு ரெண்டு தாங்காது. பெரும்பாலும் ரெண்டும் போயிடும், தாய்க்கும் ஆபத்து. ஒண்ண இன்னிக்கே நசுக்கிடணும். நாளாச்சுன்னா கர்ப்பப்பையில ஒட்டிக்கும், அப்புறம் கஷ்டம்."

"நசுக்கறப்ப இன்னொண்ணுக்கு ஒண்ணும் ஆவாதுங்களா?"

"ஆகலாம். இப்ப ரெண்டும் ஒட்டிக்கிட்டு நிக்குது. நகருதான்னு ஒரு மணி நேரம் பாப்போம். அதுக்குள்ள வூட்டுல பேசிக்கங்க."

கணவரை அழைத்தேன்.

"உசிரோட இருக்கறத நசுக்கறதா? இந்தத் தடவ ரெண்டும் பொழைச்சா?"

"போன தடவ பாத்தீங்கள்ல?"

இருமினார்.

"மருதாணிய பத்திரமா கொண்டாந்துடு. டாக்டரு சொல்றபடி செய்யி" என்றார்.

8.50க்கு மறுபடி ஸ்கேன். வட்டங்கள் இரண்டு விரல் அளவு விலகியிருந்தன. டாக்டரம்மா சின்னதை ஓரமாக ஒதுக்கினார். அவர் தோள் இறுகியது. திரையில் அந்த வட்டம் சட்டென்று கலைந்து ஒரு கோடாகப் போயிற்று. மருதாணி காதை மட்டும் அசைத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. செல்வராசு திரும்பி நின்றுகொண்டார்.

மற்றது அப்படியே இருந்தது. ஆனால் அது நிலைக்குமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஸ்கேன் 1,500, கருவைக் குறைத்ததற்கு ஊசி மருந்தோடு 3,500. வெயில் தாழ்ந்த பிறகு, டிப்பர்கள் குறைவான உள்சாலைகளில் சுற்றித் திரும்பினோம். 11 கி.மீ. கூடுதல்.

அடுத்த பதிமூன்று நாள் சாணம் அள்ளும்போதெல்லாம் வாலடியில் ரத்தம் இருக்கிறதா என்று பார்த்தேன். இருபத்தெட்டாம் நாள் மீண்டும் போனோம். சாம்பல் நிறத் திரையில் அரிசி அளவு ஒன்று துடித்தது. "இதயம்" என்றார் டாக்டரம்மா. கணவர் குனிந்து குனிந்து பார்த்தார்.

இதுவரை 30,000 ரூபாய் நெருங்கிவிட்டது. இன்னும் பத்து மாதத் தீவனமும் தடுப்பூசியும் இருக்கிறது, பிரசவத்தின்போது வண்டியோடு ஒருவர் தயாராக இருக்க வேண்டும், கடைசி மாதங்களில் வாடகை வருமானமும் கிடையாது. மலிவு என்று இனி யாரிடமும் சொல்ல மாட்டேன்.

சேர்க்கும் முன்பே ஸ்கேன் உள்ள மருத்துவரிடம் பதினைந்தாம் நாளுக்கு நேரம் வாங்கிவிடுங்கள். வழியில் யாராவது கேட்டால் காட்ட, கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்றிதழ் வண்டியில் இருக்கட்டும். இரட்டை என்றால் என்ன செய்வது என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுக் கிளம்புங்கள். குதிரையின் கயிறு ஒரு கையிலும் போன் மறு கையிலுமாக நின்று பேசுகிற பேச்சு இல்லை அது.