உப்பில்லாத கம்பங்கூழ்

கணபதி பகுதியில் எங்களுக்கு ஒரு சிறிய லேத் பட்டறை இருக்கிறது. கணவர் இறந்த பிறகு நான்தான் நடத்துகிறேன். காலையில் கம்பங்கூழ் குடிக்காமல் ஒருநாளும் ஷட்டரைத் தூக்கியதில்லை. முதல் நாளே களியை உருட்டித் தண்ணீரில் போட்டுவிட்டால் விடிவதற்குள் புளித்திருக்கும். மோர் விட்டுக் கரைத்து, தாராளமாக உப்புப் போட்டு, எலுமிச்சை ஊறுகாயும் நாலு மோர்மிளகாயும் கடித்துக்கொள்வேன்.

ஐம்பத்திரண்டு வயதில் ஒருநாள் பட்டறையில் நின்றுகொண்டிருந்தபோது தலை சுற்றியது. சுவரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்துக் கிளினிக்கில் பிரஷர் பார்த்தார்கள். நூற்றெழுபதுக்கு மேல் இருந்தது. டாக்டர் தினம் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்து, சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் பெண்ணிடம் அனுப்பினார். நான் காலையில் குடிப்பதைச் சொன்னதும் அவள் முகம் சுளித்தாள்.

"புளிச்சது, பழசு எல்லாம் நிறுத்திப்போடுங்கம்மா. ஓட்ஸ் குடிங்க."

"கூழுல எது கெடுதலுன்னு சொல்லு கண்ணு. கம்பா, மோரா, புளிப்பா?"

அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "லிஸ்ட்ல அப்படித்தாங்க போட்டிருக்குது."

மாத்திரை வாங்கினேன். ஓட்ஸ் வாங்கவில்லை.

அந்த வாரமே காரமடையிலிருந்து கணவரின் அக்கா வந்தார். நங்கையா என்று கூப்பிடுவேன். மேசையில் மாத்திரை அட்டையைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"கூழு குடிக்கறவளுக்கு மாத்திரை என்னத்துக்கு அம்மணி? அதுவே பிரஷரை எறக்கிப்போடும். போன் வீடியோவுல ஒருத்தர் அவ்வளவு தெளிவாச் சொல்றாரு" என்றபடி அட்டையைக் குப்பைக்கூடையில் போட்டார்.

நான் குனிந்து எடுத்தேன். துடைத்து, அவர் கண் முன்னாலேயே ஒன்றை விழுங்கினேன்.

"கூழு எனக்குச் சாப்பாடு, நங்கையா. இது எனக்கு மருந்து. யாரு சொன்னாலும் ரெண்டையும் உடமாட்டேனுங்க."

காப்பிகூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டார்.

கிளினிக்கில் அந்தப் பெண்ணிடம் கேட்ட கேள்விக்கு நானே பதில் தேட வேண்டியிருந்தது. கம்பும் மோரும் புளிப்பும் குற்றவாளிகளாகத் தெரியவில்லை. மிச்சம் இருந்தது உப்பு. அன்றே கூழில் உப்பை நிறுத்தினேன். ஊறுகாய் ஜாடியும் மோர்மிளகாய் டப்பாவும் வீட்டை விட்டுப் போயின. முதல் வாரம் ஒவ்வொரு வாய்க்கும் அழுகை வந்தது. சின்ன வெங்காயத்தைக் கடித்துக் கடித்து உள்ளே தள்ளினேன். ஒரு மாதம் போன பிறகுதான் புளிப்புக்கென்று தனியாக ஒரு ருசி இருப்பதே நாக்குக்குத் தெரிந்தது.

இரண்டு மாதம் கழித்துப் பிரஷர் நூற்று முப்பதுக்கு வந்திருந்தது. என்ன செய்தேன் என்று டாக்டர் கேட்டார். சொன்னேன்.

"மாத்திரையும் உப்பைக் கொறச்சதும் வேலை செஞ்சிருக்குதுங்க. புளிச்ச கூழும் ஒதவியிருக்கலாம், உறுதியாச் சொல்ல முடியாது. தாராளமாக் குடிங்க. மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க."

வெளியே வந்து அந்தப் பெண்ணின் மேசை முன்னால் நின்றேன். "லிஸ்ட்ல கூழை அடிச்சுப்போட்டு ஊறுகாயை எழுது கண்ணு." டாக்டர் சொன்னதையும் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பிரஷர் மெஷின் வாங்கிக்கொண்டு காரமடைக்குப் போனேன். நங்கையா கையை நீட்ட மறுத்தார். நானும் நகரவில்லை. கடைசியில் நீட்டினார். கிளினிக்கில் முதல்முறை எனக்கு இருந்ததைவிட அதிகமாகக் காட்டியது.

"மெஷினு கெட்டுப்போச்சு" என்றார்.

என் கையில் கட்டிக் காட்டினேன். நூற்று இருபத்தெட்டு. அவர் மெஷினை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

"டாக்டரு கூழை நிறுத்தச் சொன்னாருன்னா நான் எந்திரிச்சு வந்திருவேன்."

"நானும் உங்ககூடவே எந்திரிச்சு வாரேனுங்க."

மறுநாள் டாக்டரிடம் போனோம். இப்போது அவரும் மாத்திரை சாப்பிடுகிறார். ஊறுகாயைத்தான் இன்னும் விடவில்லை. வாரம் ஒருமுறை போனில் அதற்காகச் சண்டை நடக்கிறது. நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.